முதல் கியர்

ஒன்று,
அதன் கீழே ஒன்று இரண்டு,
அதற்கும் கீழே ஒன்று இரண்டு மூன்று.
எக்ஸ்டர்னல் சார் கேட்டது இவ்வளவுதான்.

என் திரையில் விழுந்தது
ஒன்று
இரண்டு
மூன்று
நான்கு
ஐந்து.
மளிகைச் சீட்டு மாதிரி ஒற்றை வரிசை.
"முக்கோணம் எங்கேம்மா?"
பக்கத்து மெஷினில் ரோசலின்
அதைத் தலைகீழாகவும் போட்டு முடித்திருந்தாள்.

நாலே முக்கால் பஸ்.
அடிவாரம் செக்போஸ்டில் பை சோதனை.
முன்சீட்டுக் குழந்தைக்கு முகம் வெளிறத் தொடங்கியிருந்தது.

கொண்டை ஊசி வளைவு, இருபதில் ஒன்று.
டிரைவர் முதல் கியருக்கு இறங்கினார்.
வண்டி உறுமித் திரும்பி, இரண்டு.
அடுத்த வளைவு.
மறுபடி ஒன்று. இரண்டு. கொஞ்சம் நேர்ரோடு, மூன்று.
அடுத்த வளைவு.
மறுபடி ஒன்று.

ஏழாவதில்தான் உறைத்தது.
வளைவின் எண் அது பாட்டுக்கு ஏறுகிறது.
கியர் மட்டும்
விட்ட இடத்தில் தொடர்வதே இல்லை.

நான் ஜே-யை ஒரே ஒரு முறை ஒன்றாக்கினேன்,
இரண்டு லூப்புக்கும் வெளியே,
மெயினை ஒட்டி,
அழகாக, செமிகோலனோடு.
ஓர் அடைப்புக்குறி தாண்டி
உள்ளே வைத்திருக்க வேண்டியது.
பத்து மார்க்.

டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
குலுக்கலில் சாய்ந்துதான் வந்தது,
ஆனாலும் முக்கோணம்.

பதினொன்றில் குழந்தை வாந்தி எடுத்தது.
ஓரமாக நிறுத்தினார்கள்.
சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே
சேலம் விளக்குப் போடத் தொடங்கியிருந்தது.
யாரோ தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள்.

கிளம்பும்போது,
ஒன்று.