விடத்தேரைக்குத் தெற்கு

பத்திரம் இப்படிச் சொல்கிறது:
வடக்கெல்லை விடத்தேரைப் புதருக்குத் தெற்கு,
கிழக்கெல்லை வண்டிப்பாதைக்கு மேற்கு,
இதற்குட்பட்ட புஞ்சை ஏக்கர் இரண்டு செண்டு பதினாறு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, ஆடி மாதம்,
ராதாபுரம் சார்பதிவாளர் முன்னிலையில்
ஓர் இடது பெருவிரல் ரேகை.

எழுதியவருக்குக் கையெழுத்து அழகு.
செடிக்கும் கால் உண்டென்று
யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

பத்து மணிக்கே காற்று முக்காலியைச் சாய்க்கிறது.
சாரல் தென்காசியோடு நின்றுவிட்டது,
இங்கே வருவது அதன் உறுமல் மட்டும்.
வண்ணமுத்து கருவியின் காலில் கல் அடுக்குகிறார்.
தலைக்கு மேலே பதினான்கு செயற்கைக்கோள்,
திரையில் பிழை இரண்டு சென்டிமீட்டர்,
கண்ணெதிரே விடத்தேரை
ஒன்றல்ல, நாற்பது.

வடகோடிப் புதரருகே தவசிக்கனி:
"இதாம்மா பத்திரத்துல உள்ளது."
அறுபது அடி தெற்கே ஜெபமணி:
"அது நேத்து மொளச்சது. இதாக்கும்."
இடையில் கிடக்கிறது சரல்மண்.
ஆடுகூட நின்று மேயாத அந்த அறுபதடியில்தான்
காற்றாடிக் கம்பெனிக்காரன்
ஒரு கால் ஊன்ற இடம் கேட்கிறான், வருஷ வாடகைக்கு.

கடப்பாரையால் கீறிப் பார்த்தேன்.
ஒரு சாண் ஆழத்தில், சுண்டுவிரல் பருமனில்
வேர் ஒன்று
பட்டா கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.
அதிலிருந்து ஒரு முளை. தள்ளி இன்னொன்று.
எது தாய், எது பிள்ளை?
நாற்பதும் ஒரே செடியாக இருக்கலாம்.

"வெட்டுனா நாலா வரும்மா இது" என்றார் வண்ணமுத்து.
ஜெபமணி வாய்தவறிச் சொல்லிவிட்டார்,
"ஆமா, எங்கப்பாவும் வெட்டிப் பாத்தாரு."
தவசிக்கனி சிரிக்க வாயெடுத்தவர்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
அவருடைய அப்பாவின் அரிவாளும்
ஏதோ ஓர் இரவில் இங்கே வந்து போயிருக்க வேண்டும்.
எல்லையை அழிக்க வந்தவர்கள்தான்
இதற்குத் தண்ணீர் ஊற்றாத தோட்டக்காரர்கள்.

அப்போதுதான் பூவைப் பார்த்தேன்.
தலைகீழாய்த் தொங்கும் ஒரு விரல்நீளம்,
மேலே இளஞ்சிவப்பு, கீழே மஞ்சள்.
மேற்பாதி காய்க்காது, சும்மா மினுக்கும்.
காய்ப்பது மஞ்சள்தான் என்று எங்கோ படித்த ஞாபகம்.
ஒரு நிறம் எங்கே முடிகிறதென்று
குனிந்து பார்த்தேன். தொழில் புத்தி.
கோடு என்னவோ தெளிவாகத்தான் இருந்தது,
ஆனால் இளஞ்சிவப்பு இழைகள் நாலைந்து
மஞ்சளின் மேல் நீட்டிக்கொண்டிருந்தன.
ஆக்கிரமிப்பு.
மஞ்சள் மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

விலக்கப் போன கையில் முள் ஏறியது.
இலைக்காம்புக்குப் பக்கத்தில் முளைத்த முள்ளல்ல,
கிளையே கூராகி முடிந்திருந்தது.

புல வரைபடத்தில்
கிணற்றுக்குக் குறி உண்டு, கல்லுக்கு உண்டு, பனைக்கு உண்டு.
புதருக்கு என்ன போட?
நாற்பது புள்ளி வைத்தேன்.
அறிக்கையில் ஒரே வரி:
'ஆவணத்தில் கண்ட எல்லைக்குறி
தலத்தில் உள்ளது; நிற்கவில்லை.'
தாசில்தார் திருப்பி அனுப்புவார்.
அனுப்பட்டும்.

வெயில் தாழ, செடி இலைகளை மூட ஆரம்பித்தது.
அவர்கள் இருவரும் ஒரே பைக்கில் போனார்கள்,
பெட்ரோல் விற்கும் விலையில்.

வள்ளியூர் தாண்டியபின்
முக்காலிப் பைக்குள் ஏதோ கடகடத்தது.
போன வருஷக் காய் ஒன்று,
காதுபோலச் சுருண்டு, உள்ளே விதையோடு.
ஜீப்பின் கண்ணாடியை இறக்கினேன்.

எந்தச் சர்வே எண்ணில் விழுந்ததென்று
குறித்துக்கொள்ளவில்லை.