மனு

தண்டையார்பேட்டை எம்.எல்.ஏ. ஆபீஸில்
மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பாது.
ரெஜினா காசிமேட்டிலிருந்து நேராக வந்தவள்;
மனுவின் மூன்றாம் பக்கத்தில்
ஒரு வஞ்சிரச் செதில்.
நான் எடுக்கவில்லை.

எழுநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.
அதில் நாலு பேர் இப்போது இல்லை.
அடித்துவிடலாமா என்றேன்.
"கேட்டவங்க கேட்டவங்கதான்"
என்றாள் மெகருன்னிசா.

உதவியாளர் படித்தார், நிறுத்தினார்.
"மார்பகம்னு போட்டிருக்கே...
பெண்கள் நோய்னு மாத்திக்கலாமே.
அண்ணன் சபையில படிக்கணும்ல."

ரெஜினாவுக்கு ஏலக் குரல்.
"மாரு சார். மாருல கட்டி.
மிஷினு கெட்டு பதினோரு மாசம் ஆவுது.
மூணு பஸ்ஸு மாறி தேதி வாங்குறதுக்குள்ள
எலுமிச்சங்கா தேங்கா ஆயிடுது."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆண்கள்
இன்னும் ஆழமாகப் பேப்பருக்குள் போனார்கள்.

சீல் விழுந்தது. பேசுவாராம்.
போன வருஷமும் பேசுவாராம்.

டீக்கடைக்குச் செருப்பில்லாமல்
ஓடி வந்தார் உதவியாளர்.
வீட்டில், மூணு மாசமா, இடது...
அதற்கு மேல் சொல் வரவில்லை.

அவருடைய பேனாவையே வாங்கி
அவர் உள்ளங்கையில் நம்பர் எழுதினாள் மெகருன்னிசா.
ரெஜினா இன்னொரு டீ சொன்னாள்:
"ஏழு மணிக்கே கூட்டினு வந்துடுங்க.
டோக்கன் நாப்பதுதான்."