எழுபது டாலர் மூச்சு

சைலன்சர் இருந்த இடத்தில் இப்போது
ஏதோ டீசல் லாரியின் பழைய டர்போ.
எண்பது சொன்னான், எழுபதுக்குப் படிந்தது.

வெர்லின் காருக்கடியில் மல்லாந்து கிடக்கிறான்.
கொரின் டார்ச் பிடிக்கிறாள்,
விரல் விறைத்து வெளிச்சம் ஆடுகிறது.
"நேராப் பிடி."
"நீ வந்து பிடி."

இன்டர்கூலருக்குக் காசில்லை.
பதினோரடிக் குழாயில் ஊர்ந்து
காற்று இன்ஜினுக்குப் போய்ச் சேர்வதற்குள்
டுலூத்தின் ஜனவரி
அதை ஓசியில் குளிர்விக்கும்.

ஆயில்தான் வம்பு.
பின்னால் போனது தானாகத் திரும்பாது.
அதற்கொரு பம்பு,
பம்புக்குக் கொரினின் பல் வைத்தியக் காசு.

உப்புத் தூவிய ஏரிக்கரைச் சாலை.
மிதிக்கிறான்.
ஒன்றுமில்லை.
கொரின் திரும்பி அவனைப் பார்க்கிறாள்.
இன்னும் ஒன்றுமில்லை.

பிறகு
பின்சீட்டுக்கடியில் யாரோ சீழ்க்கையடிக்க
முதுகு இருக்கையில் அப்பிக்கொள்கிறது.

சொத்தைப் பல்லை நாக்கால் தொட்டபடி
"இன்னொரு தடவை"
என்கிறாள்.