வரவில்லை

மீன் ஏலக்கூடத்து வாடை
நூலக மாடிவரை ஏறி வந்துவிடுகிறது.
கிரிம்ஸ்பியில் ஜூலையிலும் கோட்டு வேண்டியிருக்கிறது.
மேசையில் ஏழு அலுவலகங்களின் ஏழு கோப்புகள்.
தேதிவாரியாக அடுக்குவது என் வேலை;
யாரையும் தூக்கில் போடுவதல்ல.
முதல் பக்கத்திலேயே அப்படி எழுதியாயிற்று.

அறிக்கையில் அவள் 'குழந்தை எம்'.
பெயர் உண்டு, சொல்ல அனுமதியில்லை.
பள்ளியில் அவள் கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேல்
ஒரு முள்ளெலிப் படம் ஒட்டியிருந்தது.
அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில்
குப்பைக்கூடையிலிருந்து ரொட்டி ஓரங்களைப் பொறுக்கித் தின்றாள்.
ஹெப்வொர்த் டீச்சர் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.
மறுநாளும்.
பிறகு தினமும் கைப்பையில் ஒன்று.
எங்கும் பதியவில்லை.
பதிந்தால் தாய் பள்ளிக்கே அனுப்பாமல் விட்டால் என்ற பயம்.

ஏப்ரலில் விலங்குநல அலுவலர் வந்தார்.
நாயை எடை பார்த்தார்,
விலா எலும்புகளைப் படம் பிடித்தார்,
அன்று மாலையே அள்ளிக்கொண்டு போனார்.
நாய் இப்போது நன்றாயிருக்கிறது.
அவர் குறிப்பின் கடைசி வரி:
'கதவைத் திறந்தது ஒரு சிறுமி.'

மே, ஜூன், ஜூன் கடைசி.
பல் மருத்துவமனை.
வரவில்லை.
வரவில்லை.
வரவில்லை.
மூன்றாவதோடு விதிப்படி பெயர் நீக்கம்.

ஆகஸ்டுக்குப் பிறகு கோப்புகளில் ஒன்றுமில்லை,
ஆம்புலன்ஸ் தாள் ஒன்றைத் தவிர.
ஐந்து வயதாகப் பதினோரு நாள் இருந்தது.

இந்தச் சொல்லில்தான் என் பேனா நின்றது.
வரவில்லை. யார்?
நான்கு வயது.
மூன்றாம் எண் பேருந்துக்குச் சில்லறை எண்ணத் தெரியாது,
கடிகாரம் பார்க்கத் தெரியாது,
புதன்கிழமை என்று ஒன்று இருப்பதே
பாதிதான் தெரியும்.
அவளை எழுவாயாக்கி
மூன்று முறை குற்றம் சாட்டியிருக்கிறோம்.
'அழைத்து வரப்படவில்லை'
என்று எழுதியிருந்தால்,
அழைத்து வந்திருக்க வேண்டிய ஒருவர்
வாக்கியத்துக்குள் வந்து நின்றிருப்பார்.
ஏன் என்று கேட்க ஒரு முகம் கிடைத்திருக்கும்.

கூட்டத்தில் இதைப் படித்தேன்.
பல் மருத்துவமனை வரவேற்பாளர் லோர்னா டாஸ்கர் சொன்னார்:
"அந்தப் பட்டனை அழுத்தியது நான்தான்.
பட்டியலில் அது ஒன்றுதான் இருந்தது."
யாரோ பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்கள்.
ஹெப்வொர்த் டீச்சர் வாழைப்பழத்தை
அன்றுதான் முதன்முறையாக வெளியே சொன்னார்.
விலங்குநல அலுவலர் பெரிய ஆள்,
நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தார்.
"நாய்க்கு என்னிடம் படிவம் இருந்தது" என்றார்,
வேறெதுவும் பேசவில்லை.

தாயின் கோப்பும் இதே கட்டிடத்தில்தான்,
கீழ்த்தளத்தில், மஞ்சள் உறையில்.
அப்போது அவளுக்கும் நான்கு வயது.
அதிலும் ஒரு பல் மருத்துவர்.
அதே சொல்.
அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

அறிக்கை நாற்பத்தாறு பக்கம்.
பரிந்துரைகள் ஒன்பது.
எட்டைப் பற்றி இன்னும் கடிதப் போக்குவரத்து நடக்கிறது.
ஒன்று மட்டும் நடந்தது:
கணினிப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தார்கள்.

நேற்று லோர்னா போன் செய்தார்.
ஒரு பையன், மூன்று வயது,
இரண்டாவது தடவை.
புதிய வரியை அழுத்தினாராம்.
ஒரு மணி நேரத்தில்
சுகாதாரச் செவிலி கதவைத் தட்டக் கிளம்பிவிட்டாராம்.
அப்புறம்?
"தெரியாது. நமக்குச் சொல்ல மாட்டார்கள்."

உண்மைதான்.
பிழைத்த பிள்ளைகளுக்கு யாரும்
தேதி அடுக்குவதில்லை.

இருவரும் போனை வைக்கவில்லை கொஞ்ச நேரம்.
அந்தப் பக்கம் வரிசையில் யாரோ இருமினார்கள்.
ஒரு குழந்தை ஏதோ கேட்டு நச்சரித்தது.
"அடுத்தவர்" என்றார் லோர்னா,
என்னிடம் இல்லை.