மிதவைப் புள்ளி

கிளாக்ஸ்விக் துறைமுகம்.
மீன் பதனிடும் கூடத்துக்கு மேல் மாடி.
கண்ணாடியில் உப்பு. உள்ளே ஹீட்டர், நான்,
விசிறி இரையும் ஒரு பெரிய கணினி.
அங்கே, குடாவின் நடுவில்,
சால்மன் கூண்டுகளின் ஓரம் ஆடுகிறது மஞ்சள் மிதவை.
அதன் வயிற்றில், பிசினில் பொதிந்து,
நகத்தளவு ஒரு சில்லு.
என் உத்தியோகம் இவ்வளவுதான்:
இங்கே சமைத்து அங்கே பரிமாறுவது.

பெரிய கணினி எழுதித் தருவதில்
ஒரு வரியைக்கூட அதனால் ஓட்டிப் பார்க்க முடியாது.
கட்டத் தொடங்குமுன் தன்னையே கேட்டுக்கொள்ளும்:
'கட்டுவது வேறோர் இயந்திரத்துக்கா?'
அடுத்த வரியில் தானே பதில்: 'ஆம்.'
பதினெட்டு வருஷமாக
அந்த 'ஆம்' திரையில் ஓடும்போது
காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறேன்.
ஏனென்று தெரியாது.

கம்பைலரைக் கட்ட நூலகம் வேண்டும்,
நூலகத்தைக் கட்டக் கம்பைலர் வேண்டும்.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்,
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.
ஆகவே முதலில் ஓர் அரைகுறையைப் பெற்றெடுக்கிறோம்:
அச்சிடத் தெரியாது, கோப்பு திறக்கத் தெரியாது,
கூட்டவும் தாவவும் மட்டும் சொல்லித்தரத் தெரிந்த கம்பைலர்.
அதை வைத்து நூலகம்.
நூலகத்தை வைத்து முழுக் கம்பைலர்.
முழுசு வந்ததும் அரைகுறையை அழித்துவிடுவோம்.
அதற்கு யாரும் பதிப்பெண்கூடப் போடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை மிதவை ஊமையானது.
தீவனக் குழாய் நின்று
ஒன்றேகால் லட்சம் மீன் பசியோடு வட்டமடிக்க,
ஹோக்னி படகில் போய் வானொலியில் கத்தினான்:
'ரன்வா, மூணு தடவை சிமிட்டுது. அப்புறம் செத்துடுது. மறுபடி மூணு.'
'மூணா, நாலா?'
'அலை மறைக்குது. இரு.'
இரைச்சல்.
'மூணுதான்.'
திரையில்லாத ஒன்றை விசாரிக்க
நம்மிடம் இருந்தது அவ்வளவே:
ஒரு பச்சை விளக்கு, ஓர் ஆள், ஒன்றரை மீட்டர் அலை.

மூன்று என்றால்
விழித்தது, கடிகாரம் ஓடியது, உணரியை எழுப்பியது.
நான்காவது, கடலின் வெப்பத்தைக் கணக்கிடுவது:
எட்டு, அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் ஏதோ ஓர் எண்.
அந்தப் புள்ளியில் தடுக்கி விழுந்திருக்கிறது.

குப்பையிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன்.
புதுச் சரக்கு.
பெயரில் ஓர் எழுத்து குறைவு, விலையில் ஒன்பது குரோனா குறைவு.
பழைய சில்லுக்குள் மிதவைப் புள்ளிக்கென்று தனி உறுப்பு இருந்தது.
இதற்கு இல்லை.
நூலகமோ, இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியது.
கட்டியவள் நான்.
சோதித்ததும் நான்தான், பழைய சில்லின் போலியில்.
எல்லாம் பச்சை.

வல்லினத்தை மெல்லினமாக்குவதுபோல
ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்.
உறுப்பு இல்லாவிட்டால் போகட்டும்,
விரல்விட்டுக் கணக்குப் போடு, மெதுவாகப் போடு.
பிறகு அடியிலிருந்து எல்லாம் மறுபடி:
அரைகுறை, நூலகம், முழுசு.
நான்கு மணி நாற்பது நிமிடம்.

ஹோக்னி கரைக்கு வரவில்லை.
தீவனத்தைக் கையால் அள்ளி வீசிக்கொண்டே
'உன் பெட்டியைப் படகுல ஏத்திட்டு வா, இங்கயே கட்டு' என்றான்.
மிதவையின் பேட்டரி அதற்கு மூன்று நிமிடம் தாங்கும் என்றேன்.
'மூணா, நாலா?' என்றான்.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். வானொலியில் எல்லாப் படகும் கேட்டிருக்கும்.

ஆறரைக்கு அவன் மடிக்கணினிக்கு அனுப்பினேன்.
மூடியைத் திருகி, கம்பியைச் சொருகி,
விரல் மரத்து, இரண்டு தடவை தவறவிட்டு, மூன்றாவதில் ஏற்றினான்.
ஒன்று, என்றான். இரண்டு. மூன்று.
ஒரு பெரிய அலை.
'நாலு.'
என் திரையில் முதல் வரி: 8.4
அவன் கையுறையைக் கழற்றித் தண்ணீரில் கைவிட்டு
'இருக்கும்' என்றான்.

நான் அரைகுறையை அழித்தேன்.
ஏழு ஜிகாபைட் இடம் மிச்சம்.
காப்பி ஆறியிருந்தது. குடித்தேன்.