தொடர்ச்சி

என் வேலை கண்டினியூட்டி.
மாமியாரின் மூக்குத்தி போன காட்சியில் எந்தப் பக்கம்,
கேப்டனின் வெள்ளி அங்கியில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது,
காப்பி டம்ளரில் நுரை எதுவரை.
காலம் ஒழுகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று
வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

புயல் போன ஒன்பதாம் நாள்
இரண்டு தொடரையும் ஒன்றாய் முடிச்சுப் போட்டு
ஒரு மணி நேரம், நிவாரண நிதிக்காக,
யாருக்கும் சம்பளமில்லை பிரியாணி உண்டு என்று
சோனாங்குப்பத்தில் எங்களை இறக்கிவிட்டார்கள்.

விண்கலம் டெம்போவில் வந்தது.
தெர்மாகோல், அலுமினியத் தாள்,
ஏழு என்று எழுதிய கதவு மட்டும் நிஜத் தகரம்.
உப்புக் காற்றில் தாள் உரிய உரிய
ஆர்ட் அசிஸ்டென்ட் தேசிங்கு
பசை டப்பாவோடு கலத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான்.

கதை இவ்வளவுதான்.
இருநூறு வருடம் தாண்டி வரும் கேப்டன்
வழி தவறி மாமியார் வீட்டுக் கொல்லையில் இறங்குகிறான்.
அவள் கேட்கிறாள், "சாப்ட்டியாப்பா?"
இந்த ஒரு வரிக்காக
இரண்டு தொடர் எழுத்தாளர்களும் மூன்று நாள் பேசாமலிருந்தார்கள்.
அவள் தொடரில் ஒரு தீபாவளி பதினோரு வாரம் நடக்கும்.
அவன் தொடரில் கதவு சாத்துவதற்குள் மூன்று தலைமுறை போய்விடும்.
நடுவில் நான், பேடை மார்போடு அணைத்துக்கொண்டு.

கூட்டத்துக்கு ஊர்ப் பெண்கள் இருபது பேர்.
வசனம் கிடையாது, வாய் பிளந்து நிற்க வேண்டும்.

மூன்றாவது டேக்கில் கேப்டன் சொன்னான்:
"எந்தக் காலத்துக்கும் போகும் இந்தக் கலம்."
பச்சைப் புடவை, இடது தோளில் துண்டு,
பட்டியலில் பதினான்காவது, அஞ்சலாட்சி
கோட்டைத் தாண்டி முன்னால் வந்தாள்.
"செவ்வாக்கெழம சாயங்காலம் போவுமா?
நாலு மணிக்கு எறக்கிவுட்டா போதும்.
எஞ்சின கழட்டி மேட்டுல வச்சிட்டு வந்துடறேன்.
வேற எதையும் தொடமாட்டேன்."

கேப்டனுக்கு விதிகள் மனப்பாடம்.
நடந்ததை மாற்றினால் பிரபஞ்சம் கிழிந்துவிடும்,
எத்தனை எபிசோடில் சொல்லியிருப்பான்.
வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான்.
மாமியார் மட்டும் சட்டென்று திரும்பி
கலத்துக்குள் எட்டிப் பார்த்தாள்,
உள்ளே ஒரு ஸ்டூலும் தண்ணீர்க் கேனும்.

"கட்" என்றார் டைரக்டர், என்றைக்கும் இல்லாத மெல்லிய குரலில்.
"உங்களுக்கு டயலாக் இல்லம்மா."
"இல்லன்னா போவட்டும்" என்று
அவள் பதினான்காம் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.

டேக் மூன்று, பயன்படாது என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
காற்று என்று போட்டேன்.

ஒளிபரப்பில் அந்த டேக்தான் வந்தது.
நான்காவதில் வெளிச்சம் இறங்கிவிட்டதாம்.
குரலை எடுத்துவிட்டு வயலின் போட்டிருந்தார்கள்.
நாற்பத்தொன்றாம் நிமிடம், அவள் வாய் அசைகிறது,
அதன் மேல் வங்கிக் கணக்கு எண் ஓடுகிறது.
அன்றைக்கும் சோனாங்குப்பத்தில் கரண்ட் இல்லை.
நிறையப் பணம் சேர்ந்தது என்றார்கள்.
நான் முதுநகரில் ஒரு கடையில்
எஞ்சின் விலை கேட்டு வைத்திருக்கிறேன், சும்மா.

ஒரு பேட்ச் ஷாட்டுக்காக மறுமாதம் போனோம்.
விட்டுவந்த தகரக் கதவு
ஒரு வீட்டுக்கு வாசலாகியிருந்தது.
யார் வீடென்று கேட்கவில்லை.
பழக்க தோஷத்தில் பேடை எடுத்தேன்:
கதவு ஒருக்களித்து. ஏழு தலைகீழாக.
காட்சி எண்ணை நிரப்பவில்லை.