அறுபத்து மூன்று

குழுக் கணக்கு என்னிடம்தான்.
செவ்வாய்க்குச் செவ்வாய் தவமலர் வீட்டு மாமரத்தின் கீழ்
பன்னிரண்டு பெண்கள், ஒரு நீலக் கொப்பி,
மோட்டார் சைக்கிளை நிப்பாட்டாமலே
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசுகிற றெஜினோல்ட்.

ஐம்பதினாயிரம் அக்கா, கிழமைக்கு
ஆயிரத்து நானூற்று ஐம்பதுதான் என்றான் முதல் நாள்.
அந்தத் ‘தான்’ எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.
கலண்டர் தாளின் பின்பக்கம் ஐம்பத்திரண்டால் பெருக்கி
எழுபத்தையாயிரத்து நானூறு என்று வாசித்தேன்.
மாம்பிஞ்சு ஒன்று விழுந்த சத்தம்
எல்லாருக்கும் கேட்டது.
அன்றிலிருந்து நான் கணக்கக்கா.
(கடனை எடுத்தோம். அது வேறு கதை.)

போன வெள்ளி இரவு
சார்ஜில் கிடந்த என் போன் கேட்காமலே ஓர் அறிக்கை தந்தது.
நாளொன்றுக்கு நாலு மணித்தியாலம் பத்து நிமிடம்.
‘தான்’ என்று சொல்ல அதற்கு ஆளில்லை.
நானே சொல்லிக்கொண்டேன்.

பழக்கதோஷம், கலண்டர் தாளைக் கிழித்தேன்.
முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கி
நாளாக்கினால்
அறுபத்து மூன்று.
கோயிலில் என்றால் நாயன்மார் தொகை.
விசுவமடுவில்
பயறு விதைத்து ஆய்கிற நாள்.

நெல் வெட்டிய ஈரத்தில் எறிந்தால்
நாலாம் நாள் இரண்டிலை,
முப்பத்தைந்தில் மஞ்சள் பூ,
அறுபதில் காய் கறுக்கும்.
வெயில் ஏற முந்தி ஆய வேண்டும்,
பிந்தினால் வெடித்து மண்ணுக்கே கொட்டிவிடும்.
அப்படி ஒரு போகத்தை
இராப்பகல் கண் மூடாமல்
பெருவிரலால் மேலே தள்ளிவிட்டிருக்கிறேன்.

என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்டால்?
ஒருத்தி சவர்க்காரத்தைக் கத்தியால் சீவினாள்.
ஒரு பூனை தொட்டிக்குள் விழுந்தது.
கனடாவில் யாருடையதோ குசினி,
லாச்சி தானாக மூடியது.
மிச்சம் ஞாபகமில்லை.
ஆயிரத்தைந்நூறு மணித்தியாலத்துக்கு
ஒரு துண்டு பற்றுச்சீட்டு இல்லை.

வட்டியை முன்பக்கத்தில் எழுதமாட்டார்கள்,
அது எனக்குத் தெரியும்.
புரட்டினேன்.

ஆதிரையனின் குரல் உடைந்தது எப்போது?
கதவடியில் யாரோ வளர்ந்த ஆம்பிளை
“அம்மா, சீனி முடிஞ்சுது” என்றபோது
திடுக்கிட்டு எழும்பினேன்.
பார்த்தால், அவன்.
ஒரே நாளிலா உடைந்திருக்கும்?
கீறிக் கீறி, விட்டு விட்டு, மாதக்கணக்காய்,
வீட்டுத்திட்டத்து வீட்டின்
பூசாத ஒற்றைக்கல் சுவருக்கு அந்தப் பக்கம்.

கட்டாரிலிருந்து இவர்.
எங்களுக்கு ஒன்பதே முக்கால், அவருக்கு ஏழேகால்.
திரையின் மேல்விளிம்பில் அவர் பெயர் இறங்கி வந்தது.
கேக்கின் மூன்றாம் தட்டு அப்போதுதான் ஏறியது, சரியாமல்.
இலையான் கலைப்பதுபோல
விரல் அவரைக் கலைத்துவிட்டது.
பிறகு நானே எடுத்தேன். கரண்ட் இல்லை என்றேன்.
சரி, கவனம் என்றார்.
இதை எந்தக் கொப்பியில் பதிவது?

செவ்வாய், தாளை மடித்துக் கொண்டுபோனேன்,
வாசிக்கத்தான்.
றெஜினோல்ட் வரப் பிந்தியது.
பன்னிரண்டு தலையும் குனிந்திருந்தன.
“கணக்கக்கா, இதைப் பாருங்கோ” என்று
தவமலர் தன் போனை என் மூக்கடிக்குக் கொண்டுவந்தாள்.
அதே பூனை. அதே தொட்டி.
பதினைந்து வருஷமாய்ச் சட்டம் போட்ட ஒரு படத்தோடு
வெயிலில் நிற்கிற தவமலர்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
உடைந்த கடைவாய்ப்பல் தெரியத் தெரிய.
அதைப் பெருக்க என்னிடம் இலக்கம் இல்லை.
தாளை இன்னும் சின்னதாய் மடித்தேன்.

அன்றிரவு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மேசையடியில் இருந்தேன்.
ஆதிரையன் உள்ளே பாடம் வாசித்தான்,
“விவசாயம்” என்ற சொல்லில் குரல் வழுக்கி
மேலே போய் இறங்கியது.
ஒன்பதரை.
விரல் இரண்டு தரம் மேசையைத் தடவியது.
ஒன்பதே முக்கால்.

எடுத்தேன்.
“என்ன, கரண்ட் இருக்கோ?” என்றார்
முதல் சொல்லாக.
இருக்கு என்றேன்.